உடுப்பில் பட்ட கறை: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறை பட்டதும் எங்கள் கை முதலில் போவது சவர்க்காரக் கட்டிக்குத்தான். லேசில் போகவேண்டிய பல கறைகள் பிடிவாதக் கறைகளாவதும் அந்த இடத்தில்தான். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. எண்ணெய்க்கும் அழுக்குக்கும் அது நல்லது. தேத்தண்ணிக் கறையைக் கறுக்கவைக்கும், மஞ்சளைச் சிவப்பாக்கும். ஆகவே கறை எதனால் வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கை நீட்டவேண்டும். கீழே உள்ளவை அயலட்டையிலும் கலியாண வீடுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை. இதற்கு வேண்டியவை தேசிக்காய், வினாகிரி, அப்பச்சோடா, உப்பு, மா, தேங்காய் எண்ணெய். பாமசியில் ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு போத்தலும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு போத்தலும் வாங்கி வைத்திருந்தால் போதும்.

கறை பட்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

தேய்க்காதீர்கள். பழைய துணி ஒன்றால் ஒற்றி எடுங்கள். பிறகு கறையின் பின்பக்கம் மேலே வரும்படி உடுப்பைத் திருப்பிப் பிடித்து, பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். வந்த வழியே கறை வெளியே போகும். முன்பக்கத்தில் ஊற்றினால் நூலுக்குள் இன்னும் உள்ளே இறங்கும்.

கறை முழுதாகப் போகும்வரை சுடுதண்ணீரும் இஸ்திரிக்கைப் பெட்டியும் வேண்டாம். மஞ்சளையும் பூஞ்சணத்தையும் தவிர மற்றக் கறைகளுக்கு வெயிலும் வேண்டாம். எந்த மருந்தையும் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டு, உடுப்பின் சாயம் போகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் புதுச் சட்டையில் வெள்ளைப் பொட்டு வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

வெள்ளை உடுப்பு எல்லாம் கொஞ்ச நாளில் சாம்பல் பூத்துப்போகிறதே, இதுவும் கறையா?

அது எங்கள் கிணறு செய்கிற வேலை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். நுரை வரவில்லை என்று நாங்கள் இன்னும் சவர்க்காரம் போடுகிறோம், பிசுக்கும் இன்னும் கூடுகிறது. அது நூலில் படிந்து அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுத் துவாய் நாலு மாதத்தில் பனம் பாய் மாதிரி விறைப்பதும் இதனால்தான்.

கல்சியம் கூடிய இந்தக் கடின நீருக்குக் கட்டிச் சவர்க்காரத்தைவிடச் சலவைத்தூள் பொருந்தும். ஊறவைக்கும் வாளியில் ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா போட்டால் கல்சியம் தனியே படிந்துவிடும். சலவைச்சோடா கையை அரிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் படிந்த பிசுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், துவாயும் இளகும். தென்னங்கள்ளில் செய்த மண்ணிற வினாகிரியைச் சமையலுக்கே வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் அதுவே கறை.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீரில் கல்சியம் கிடையாது. நல்ல வெள்ளைகளை அந்த மாதங்களில் தோயுங்கள். தீவுப் பக்கத்து உவர்க் கிணறுகளுக்கும் கைகொடுப்பது மழைத் தண்ணீர்தான். உவர் நீரில் சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது.

வாழைக்கயர் (வாழைப்பால் கறை) போகுமா?

பட்ட உடனே என்றால் போகும். நாளைக்கு என்றால் பெரும்பாலும் போகாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கயருக்குக் கைகண்ட மருந்து என்று ஊரில் பத்துச் சொல்வார்கள்.

வாழைப்பால் வெட்டும்போது தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். அதில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருட்கள் காற்றுப் பட்டதும் ஒட்சியேற்றம் அடைந்து மண்ணிறமாகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். நிறம் மாறி முடிந்தபின் அது நூலோடு சாயம் போலச் சேர்ந்துவிடும். வாழைக்காயை வெட்டிப் புளித்தண்ணீருக்குள்ளோ மோருக்குள்ளோ போடுகிறோம் அல்லவா? புளிப்பு அந்த மாற்றத்தைத் தடுக்கும். உடுப்புக்கும் அதே வித்தை: பால் தெறித்த இடத்தில் உடனே தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு, ஐந்து நிமிடத்தில் நிறையத் தண்ணீரால் அலசுங்கள். சவர்க்காரம் அதன் பிறகு.

காய்ந்துபோன கயர் வெள்ளைப் பருத்தியில் இருந்தால் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டை நனைத்து அரை மணித்தியாலம் விட்டு அலசிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் மண்ணிறம் வெளிறி மங்கல் மஞ்சளாகும். அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். நீர்வேலிப் பக்கத்தில் குலை வெட்டப் போகிறவர்கள் அதற்கென்றே ஒரு பழைய சாரம் வைத்திருப்பது சும்மா இல்லை.

பலாப்பால்?

இது வேறு சாதி. பலாப்பால் பிசின், தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். பலாப்பழம் வெட்டமுன் கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் பூசுகிறோமே, உடுப்புக்கும் அதுதான். எண்ணெயை விட்டு விரலால் பிசைந்து, பால் உருண்டு வரும்போது துணியால் வழித்து எடுங்கள். மிஞ்சுவது எண்ணெய்க் கறை. அதற்குப் பாத்திரம் கழுவும் திரவம். தேசிக்காய் இதற்கு ஒன்றும் செய்யாது. தென்மராட்சியில் பலா வைத்திருக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

கறி ஊற்றுப்பட்டது. சவர்க்காரம் போட்டால் மஞ்சள் சிவப்பாகிறதே!

பயப்படாதீர்கள். மஞ்சளில் நிறம் தருவது குர்க்குமின். அது காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளுக்கே திரும்பும். சிவப்பு வந்ததால் கறை கூடியதும் இல்லை, போனதும் இல்லை.

குர்க்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரையும், ஸ்பிரிட்டில் கரையும், வெளிச்சத்தில் அழியும். முதலில் கறியின் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுங்கள். அதன்பின் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றினால் மஞ்சள் பஞ்சுக்கு ஏறும். கடைசியில் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் என்றால் இரண்டு நாளில் சுவடே இராது. மற்ற மருந்துகளுக்குக் காசு வேண்டும், இதற்குக் கொடியும் இரண்டு கிளிப்பும் போதும். நிற உடுப்பானால் பின்பக்கம் திருப்பிப் போட்டு அடிக்கடி பாருங்கள். வெயில் துணியின் சாயத்தையும் தின்னும்.

குங்குமத்துக்கும் இதே முறையா?

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த அசல் குங்குமம் என்றால் ஆம். சிவந்துபோன மஞ்சள்தான் அது. ஒரு துளி தேசிக்காய் விட்டால் மஞ்சளாக மாறும். மாறினால் மேலே சொன்னபடி ஸ்பிரிட், வெயில். மாறாவிட்டால் அது செயற்கைச் சாயம். அதை நனைக்கவே கூடாது. உதறி, ஒட்டும் டேப்பால் தூளை எடுத்து, மிச்சத்தை ஸ்பிரிட்டால் ஒற்றுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு உடுத்த வேட்டியில் எல்லாக் கறையும் சேர்ந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

25 நாளும் போகிறவர்களின் வேட்டியைப் பார்த்தால் சந்தனம், குங்குமம், கற்பூரக் கரி, வீதி மணல், வியர்வை எல்லாம் இருக்கும். காய்ந்ததை முதலில் உதறுங்கள். கற்பூரக் கரி நுண்ணிய காபன். ஈரம் பட்டால் பரவும். அதை ஒட்டும் டேப்பால் எடுத்தபிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் பூசுங்கள். மெழுகு சொட்டியிருந்தால் ஐஸ் கட்டி வைத்து இறுகவைத்துச் சுரண்டி, மேலும் கீழும் பழைய துணி வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிக்கை போடுங்கள். சூடு உதவுகிற ஒரே இடம் இது. திருநீறு தண்ணீரோடு போகும். சரிகைக் கரை வேட்டியில் தேசிக்காயும் வினாகிரியும் கரைப்பக்கம் போகாமல் பாருங்கள், சரிகை கறுத்துவிடும்.

தேத்தண்ணி ஊற்றினால்?

பிளேன்ரீக்குள் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தேத்தண்ணியில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுப் பாருங்கள், கறுக்கும். தேத்தண்ணிக் கறைக்குப் புளிப்பு வேண்டும் என்பதைக் கோப்பையே சொல்லித்தருகிறது. பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு சலவைத்தூள். பால்த் தேத்தண்ணி என்றால் பாலின் புரதமும் உண்டு. சுடுதண்ணீர் காட்டவே வேண்டாம்.

வெற்றிலைச் சாறு இன்னும் கடினம். பாக்கின் தனினும் சுண்ணாம்பும் காசுக்கட்டியும் சேர்ந்த கறை அது. இதே வினாகிரி முறை, அதன்பின் வெள்ளைத் துணிக்குப் பேரொட்சைட்டு.

நாவற்பழம், மாதுளை?

இந்த ஊதாவும் சிவப்பும் புளிப்பில் இளஞ்சிவப்பாகும், சவர்க்காரத்தில் நீலமாகும். புளிப்புப் பக்கம் வைத்திருந்து கழுவினால் இலகு. வெள்ளைக்குப் பேரொட்சைட்டு நன்றாக வேலை செய்யும்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் நல்லாய்ப் பொங்குகிறதே, அது கறையை எடுக்காதா?

பார்க்க நல்லாயிருக்கும். பொங்குவது காபனீரொட்சைட்டு. பொங்கி முடிந்தபிறகு மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த தண்ணீர். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டுப் போகின்றன. வீடியோக்களில் இதைக் காட்டுகிறவர்கள் நுரையைத்தான் காட்டுகிறார்கள், காய்ந்த உடுப்பைக் காட்டுவதில்லை. இரண்டையும் வேறுவேறு நேரத்தில் பயன்படுத்துங்கள். அப்பச்சோடா வியர்வை நாற்றத்துக்கும் எண்ணெய்க்கும். வினாகிரி தேத்தண்ணிக்கும் பிசுக்குக்கும்.

தோட்டத்துச் செம்மண்?

உரும்பிராய், கோண்டாவில், இணுவில் பக்கத்து மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. ஈரமாக இருக்கும்போது கை வைக்காதீர்கள்; நன்றாகக் காயவிட்டு, தட்டி, பிரஷால் தேய்த்து எடுத்தால் முக்கால்வாசி போய்விடும். மிச்சத்தைச் சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்கவும். அப்படியும் செம்பட்டையாக ஒரு நிழல் நின்றால் கீழே துருவுக்குச் சொல்வதுதான். ப்ளீச் விடவேண்டாம். இரும்புக் கறையை ப்ளீச் இன்னும் ஆழமாகப் பதிக்கும்.

கொடிக் கம்பியின் துரு வேட்டியில் பிடித்துவிட்டது.

தேசிக்காய்ச் சாறும் தூள் உப்பும் களியாகக் குழைத்துக் கறையில் வைத்து, ஒரு மணித்தியாலம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு அலசுங்கள். தேசிக்காயின் சித்திரிக்கமிலம் இரும்பைப் பிடித்துக் கரைக்கும். தேவையானால் திரும்பச் செய்யுங்கள். புளி துணியிலேயே காய்ந்தால் பருத்தி நூல் நைந்துபோகும், அதனால்தான் காயவிடக்கூடாது.

இன்னொன்று. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள். தோலில் பட்ட சாற்றின் மேல் வெயில் விழுந்தால் சுட்டது போலக் கொப்பளித்து, கறுத்த தழும்பு கிழமைக்கணக்கில் நிற்கும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் கொடிப்பக்கம் போங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

அப்படியே அந்தக் கம்பியையும் மாற்றி நைலோன் கயிறு கட்டிவிடுங்கள்.

இரத்தம்?

குளிர்ந்த தண்ணீரும் உப்பும். சுடுதண்ணீர் பட்டால் முட்டை அவிவது போலப் புரதம் இறுகி நூலில் ஒட்டிவிடும். காய்ந்த கறையைக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, வெள்ளைத் துணியானால் பேரொட்சைட்டு சில துளி விடுங்கள். சீறி நுரைக்கும், இரத்தத்தில் உள்ள நொதியம் அதைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கிறது. நுரையை ஒற்றிவிட்டுத் திரும்ப விடுங்கள். பாமசிப் போத்தலில் 20 வொலியூம் என்று எழுதியிருந்தால் அது 6 வீதம். சரிக்குச் சரி தண்ணீர் கலந்தால் 3 வீதம். போத்தலை இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் வலு இழந்துவிடும்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைப் பையில் பேனை ஒழுகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்வி. போல்பொயின்ற் மை ஸ்பிரிட்டில் கரையும். பைக்கும் நெஞ்சுப் பக்கத்துக்கும் நடுவே மடித்த துணி ஒன்றை வைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றுங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் கறை பூசணிக்காயளவு விரியும். அடியில் உள்ள துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஸ்பிரிட் இல்லாவிட்டால் கைக்குப் பூசும் சனிரைசரும் உதவும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும்.

சைக்கிள் செயின் கிரீஸுக்கு மண்ணெண்ணெய் விடலாமா?

போகும், மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மணம் போக மூன்று தோய்ப்பு வேண்டும், அடுப்புப் பக்கம் ஆபத்து. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்துவிட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் நாட்டில் புதிதல்ல. கிரீஸில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தேய்த்து இளகவைத்து, வழித்தெடுத்து, மேலே அரிசிமாவோ கோதுமை மாவோ தூவி அரை மணித்தியாலம் விடுங்கள். மா எண்ணெயைக் குடிக்கும். உதறிவிட்டுப் பாத்திரம் கழுவும் திரவம்.

சட்டைக் கழுத்திலும் கமக்கட்டிலும் வியர்வை மஞ்சள்?

அப்பச்சோடா ஒரு மேசைக்கரண்டி, பேரொட்சைட்டு நனையும் அளவு. குழைத்துப் பூசி அரை மணித்தியாலம். ப்ளீச் வேண்டாம், அது வியர்வை மஞ்சளை இன்னும் மஞ்சளாக்கும்.

மாரியில் அலுமாரிக்குள் கரும்புள்ளி விழுகிறது.

பூஞ்சணம். வெளியே கொண்டுபோய் உலர்ந்தபடியே தட்டுங்கள், வீட்டுக்குள் தட்டினால் மூச்சோடு உள்ளே போகும். வினாகிரியில் ஊறவைத்துத் தோய்த்து வெயில் காட்டினால் மணமும் பூஞ்சணமும் போகும். கறுப்புப் புள்ளி நூலுக்குள் இறங்கிய நிறம், அது பலசமயம் நின்றுவிடும். கஞ்சி போட்ட உடுப்பைக் கார்த்திகை, மார்கழியில் மடித்து வைக்காதீர்கள். கஞ்சி பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

கூறைச்சேலையில் கறை பட்டால்?

இங்கே சொன்ன ஒன்றையும் செய்யாதீர்கள். ஒற்றி எடுங்கள், மடியாமல் காயவிடுங்கள், உலர்சலவைக்குக் கொண்டுபோய் எது பட்டது என்று சொல்லிக் கொடுங்கள். சோடா பட்டு நூலைப் பாழாக்கும், பேரொட்சைட்டு சாயத்தை வெளிறவைக்கும், புளி சரிகையைக் கறுப்பாக்கும். அன்றாடப் பட்டுக்கு மட்டும் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர், அதுவும் தேய்க்காமல்.

முந்திப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்களாமே, உண்மையா?

உண்மை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்பை ஊறவைத்துத் தோய்த்தோம். பனங்களியில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு, பூந்திக்கொட்டையில் இருப்பதும் அந்த வகைதான். அழுக்குப் போகும். களியின் செம்மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். மணம் மட்டும் போகாது. கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனால் மாடு வந்து சட்டையைச் சப்பிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு அதைச் செய்யச் சொல்லமாட்டேன். பனங்காய்ப் பணியாரத்துக்கே பழம் போதாது.

ப்ளீச் பாவிக்கவே கூடாதா?

வெள்ளைப் பருத்திக்கு, தண்ணீர் கலந்து, தனியே பாவிக்கலாம். வினாகிரியோ தேசிக்காயோ கழிவறை கழுவும் அமிலமோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அமோனியா சேர்ந்தாலும் நச்சுவாயுதான். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும் இதே வகை. ப்ளீச் விட்ட வாளியில் அன்றைக்கு வேறு மருந்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரொட்சைட்டையும் வினாகிரியையும் ஒரே போத்தலில் அடைத்து வைக்கவும் கூடாது.

எல்லாம் செய்தும் போகவில்லை.

வெயிலில் காய்ந்த கயர், இஸ்திரிக்கை பட்ட கறி, பூஞ்சணப் புள்ளி: இந்த மூன்றும் நின்றால் விட்டுவிடுங்கள். மேலும் மேலும் தேய்த்தால் கறைக்கு முதல் துணி போய்விடும். பருத்தியானால் கறுப்போ கடுநீலமோ சாயம் போடலாம். மனமில்லாவிட்டால் அடுத்த குலை வெட்டுக்கு எடுத்து வையுங்கள்.